25 லவோன்

குழலின் இடப்பக்கம், கையால் வெட்டிய எழுத்து:
25 லவோன்.
அந்தப் பெயரில் எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது,
எந்தப் பட்டியலிலும் கிடையாது.
வின்னமுக்கா ஏலத்தில்
ஒரு வெல்டிங் மெஷின், இரண்டு நாய்க்கூண்டு,
கூடவே இந்த ரைஃபிள்.
நாய்க்கூண்டுக்காகத்தான் கை தூக்கினாள் இதோயா உருத்தியா.

வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் உலோகத்தை
அறைக்குள் ஊற்றி ஆறவிட்டாள்.
பின்னாலிருந்து கம்பியால் தட்டியதும்
துப்பாக்கி தன் தொண்டையைத் தானே துப்பியது.
மேஜைமேல் ஒரு சாம்பல் நிற விரல்.
இடுப்பில் சரிவே இல்லை. தோள் ஏறக்குறையச் செங்குத்து.
யாரோ பிடிவாதக்காரன் வரைந்த உடம்பு.

பித்தளைக்கு வெர்ல் ஸ்டாடர்டிடம் போனாள்.
ரொட்டிப் பைகளில் கட்டி வைத்திருப்பான்:
ஒரே ஆலை, ஒரே வருடம், ஒருமுறை சுட்ட கூடுகள்.
கலந்து தரமாட்டான். கடனும் தரமாட்டான்.
ஐம்பது கூட்டுக்கு
இதோயாவின் அண்ணி அடைத்த சொரீசோ ஆறு முழம்.

பிறகு ராத்திரிகள்.
எண்ணெய் கூடினால் தோளில் பள்ளம் விழும்;
குறைந்தால் அச்சுக்குள் சிக்கி
வெளியே வரமாட்டேன் என்று அடம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
பித்தளையிடம் அந்தப் பேச்சு எடுபடாது.
ஒன்று சரியாக வரும், அடுத்தது வாய் பிளக்கும்.
ஒரே மூச்சில் கழுத்தை நெரிக்காதே என்று
ஏழு கூடு உடைந்தபின் புரிந்தது.
மூன்று அச்சு, மூன்று தவணை.
இடையில் விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் சுடரைக் காட்டி,
நிறம் மங்கிச் சிவக்கத் தொடங்கும்போதே
சட்டென்று தண்ணீரில்.
ஸ்ஸ் என்ற சத்தத்துக்கு
நாய் ஒவ்வொரு முறையும் எழுந்து பார்த்தது.

கடைசியில், குண்டில்லாமல்
சோள மாவை அடைத்து வானத்தைப் பார்த்துச் சுட்டாள்.
அறை எந்த வடிவமோ அந்த வடிவத்துக்குக்
கூடு உப்பி வந்தது.
கொட்டகை முழுக்கப் பொரித்த சோள வாசனை.
ஐம்பதில் முப்பத்தொன்று தேறின.
அடியில் இன்னும் பழைய பெயர், மேலே வேறு உடம்பு.
பித்தலாட்டம் என்ற சொல்லை
யாரோ இப்படி ஒரு கொட்டகையில்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.
அரத்தால் ஒவ்வொரு அடியிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"லவோனா?" என்றான் வெர்ல்.
"பர்லியில். உருளைக்கிழங்கு ஆலையில் தரம் பிரித்தாளே.
இருக்கிறாள், இருக்கிறாள்."

லவோன் கதவைத் திறந்து, கேட்டு,
மறுபடி கேட்டாள்.
"ஓர்லினா? சாலை இலாகா ஓர்லினா?
என்னிடம் மொத்தமே நாலு வார்த்தைதான் பேசியிருக்கிறான்.
மழை வரும் போல இருக்கு."
அவர்கள் இருந்த பக்கம்
வருடத்துக்கு ஒன்பது அங்குலம்கூடப் பெய்யாது.

வாசலில் காற்று மணி ஒன்று தொங்கியது.
நைலான் நூலில் பதினோரு பித்தளைக் கூடுகள்,
அடியில் ஓட்டை போட்டு.
"ஒரு கிறிஸ்துமஸுக்குக் காபி டப்பாவில் வைத்துவிட்டுப் போனான்.
சீட்டு கீட்டு எதுவும் இல்லை.
என்ன செய்வது? தொங்கவிட்டேன்."

இதோயா பையிலிருந்து தன்னுடையதை எடுத்து
காற்று நிற்கும்வரை காத்திருந்து
ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தாள்.
அதே தோள். அதே இடுப்பு.
அவனுடைய அடிகளிலும் குறுக்கே ஒரு கோடு.
கழுத்து மட்டும் ஒரு மயிரிழை குட்டை.

"வேகமாகப் போகுமா, அது?"
"குண்டு வைத்து இன்னும் சுட்டுப் பார்க்கவில்லை."
"அவனும் அப்படித்தான்," என்றாள் லவோன்,
சிரித்து, பிறகு சிரிக்காமல்,
பிறகு காபி வேண்டுமா என்று கேட்டு உள்ளே போனாள்.

அன்றிரவே வீடு திரும்பி
முப்பத்தொன்றின் கழுத்தையும்
ஒரு மயிரிழை சீவினாள் இதோயா.
அளந்தது அவள்.
ஆனால் அளவு அவனுடையதுதான் சரி.